மடத்தடிக்குக் கிட்ட ஒரு விண்ணப்பக் கடை

உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளையின் பல்கலைக்கழக விண்ணப்பத்தை எங்கே கொடுத்து நிரப்புவது என்று திருகோணமலையில் யார் கேட்டாலும், மடத்தடிச் சந்திக்குக் கிட்ட உள்ள சின்னப் போட்டோப் பிரதிக் கடையைத்தான் கைகாட்டுவேன். பெயர்ப்பலகை வெயிலில் மங்கிவிட்டது. வாசலில் கிடக்கும் நீல வாங்குதான் அடையாளம்.

என் மகள் நடுவில் பள்ளிக்கூடம் மாறியவள். சாதாரண தரம் இங்கே எழுதிவிட்டு, உயர்தர உயிரியல் பிரிவுக்குக் கொழும்பில் என் அண்ணன் வீட்டில் நின்று எட்டு மாதம் படித்தாள். படிப்பில் குறையில்லை, பிள்ளைக்குத்தான் அங்கே சோறு இறங்கவில்லை. திரும்பக் கூட்டிவந்தபோது எங்களுக்கிருந்த கவலையெல்லாம் விட்டுப்போன இரசாயனவியல் பாடங்களைப் பற்றியதுதான். மாவட்டம் என்ற பேச்சையே எவரும் எடுக்கவில்லை.

அதை எடுத்தவர் இந்தக் கடைக்கார ஐயா. ஓய்வுபெற்ற இலிகிதர். கணினியைத் தொடுவதற்கு முன்பு மகளைப் பார்த்து, "எந்தெந்த வருடம் எந்த ஊரில் படித்தீர்கள் பிள்ளை?" என்று கேட்டார். பிறகு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டினார். மருத்துவம் போன்ற ஒரு பாடநெறிக்கு 100 இடமென்றால் 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும், 55 மாவட்டங்களுக்குப் பிரியும், மிச்சம் 5 கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் திருகோணமலையும் இருக்கிறது. மருத்துவத்துக்கு எங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைவிட, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த புள்ளியைவிட, கொழும்பின் வெட்டுப்புள்ளி உயரத்தில் நிற்கும். அதே இசட் புள்ளியோடு (பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணக்கிடும் உயர்தரப் புள்ளி) இங்கே இடம் பெறும் பிள்ளை அங்கே வெளியே நிற்கவும் கூடும். எந்த மாவட்டம் என்று தீர்மானிக்க, பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எங்கே படித்தாள் என்பதைத் தாளில் காட்டவேண்டும் என்று அவர் சொன்னபோது என் கை குளிர்ந்துவிட்டது.

பள்ளிக்கூடங்கள் விலகும்போது தந்த விடுகைப் பத்திரங்கள் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அடிமட்டத்தை ஒவ்வொரு வரிக்கும் கீழே பிடித்துக்கொண்டு திகதிகளை வாய்விட்டு வாசித்தார். ஓரிடத்தில் அடிமட்டம் நின்றது. கொழும்புப் பத்திரத்தில் விலகிய ஆண்டு ஒன்று கூடுதலாக எழுதப்பட்டிருந்தது. அந்தக் கணக்குப்படி என் மகள் ஒரே காலத்தில் இரண்டு பள்ளிக்கூடங்களில் படித்திருக்கிறாள்! எத்தனை தடவை அந்தத் தாளை எடுத்துப் பார்த்திருப்பேன், என் கண்ணில் படவேயில்லை. அன்றிரவே பஸ் ஏறி, மறுநாள் அதைத் திருத்தி ஒப்பமும் முத்திரையும் வாங்கிவந்தேன். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழையும் வாக்காளர் இடாப்புப் பிரதியையும் கையோடு எடுத்து வைக்கச் சொன்னவரும் ஐயாதான்.

பாடநெறிகளின் விருப்ப வரிசையை அவர் தானாக நிரப்பவில்லை. மகளையே கொப்பியில் கைப்பட எழுதிவரச் சொன்னார். நான் குறுக்கே பேசப்போனேன். "அம்மா, படிக்கப்போகிறது அவள்" என்றார். அந்தச் சொல்லுக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

குறையும் உண்டு. பெறுபேறு வந்த கிழமைகளில் அந்த ஒரு வாங்கில் மூன்று மணித்தியாலம் காத்திருக்க வேண்டிவரும், மின்விசிறி கிடையாது. அச்சு இயந்திரம் மை மங்கித்தான் அடிக்கிறது, எங்கள் பிரதியை இரண்டு முறை எடுக்க நேர்ந்தது. விண்ணப்பத்துக்கு 500 ரூபாய், பிரதிகளுக்குத் தனிக்கணக்கு. முதல் முறை அச்சு மங்கியதற்குக் காசு வாங்கவில்லை.

பள்ளிக்கூடம் மாறிய பிள்ளையோடு போகிறவர்கள் எல்லா விடுகைப் பத்திரங்களின் மூலப்பிரதியையும் கொண்டுபோங்கள். போட்டோப் பிரதியை நீட்டினால் ஐயா வாசிக்கமாட்டார், வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்.