எதிர்காற்றில் தண்டுவலித்த ஒரு காலை: உடுமலைப் பக்கத்துக் கயாக் தியான முகாம்

உடுமலைப்பேட்டைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே உள்ள ஒரு குளத்தில், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டிக்கொண்டே கிறிஸ்தவ வேதபாடம் கற்பிக்கும் ஒருநாள் முகாமை ஒரு சிறு குழுவினர் நடத்திவருகிறார்கள். ஆனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமையன்று நானும் என் அண்ணன் மனைவியும் அதில் கலந்துகொண்டோம். ஆளுக்கு 950 ரூபாய் கட்டணம். கயாக், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், இரண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். திருப்பூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்திவருகிறேன். கலிலேயாக் கடலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்ன அளவுக்கு வேறெந்த நீர்நிலையைப் பற்றியும் நான் பேசியதில்லை. ஆனால் பவானியில் பரிசலில் உட்கார்ந்து போனதைத் தவிர, துடுப்பை ஒருமுறைகூடக் கையில் பிடித்ததில்லை. அந்தக் குறை பல நாளாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்ததால்தான் பெயர் கொடுத்தேன்.

பயிற்சி கொடுத்தவர் ஓர் இளைஞர், பொறுமையானவர். பரிசல் வட்டமாக இருப்பதால், பரிசல்காரர் முன்னால் துடுப்பைப் போட்டு இழுக்காவிட்டால் நின்ற இடத்திலேயே சுற்றும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கயாக்கோ நீளமானது, நேராகப் போவதற்கென்றே செய்யப்பட்டது. துடுப்பின் இரண்டு முனையிலும் அலகு இருப்பதால் வலமும் இடமுமாக மாறிமாறிப் போட வேண்டும். "கையில இழுக்காதீங்க அக்கா, இடுப்பத் திருப்பி இழுங்க. கை சும்மா துடுப்பப் புடிச்சிருந்தாப் போதுமுங்க" என்று அவர் கரையில் நிற்கவைத்தே அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அந்த அரை மணி நேரம் இல்லாமல் போயிருந்தால் என் தோள்பட்டை அன்று முழுவதும் தாங்கியிருக்காது.

எங்களுக்குக் கிடைத்தது இருவர் உட்காரும் கயாக். நங்கையா (அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்) முன்னாலும் நான் பின்னாலும் உட்கார்ந்தோம். முதல் பத்து நிமிடம் எங்கள் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன. அவர் வலப்பக்கம் போடும்போது நான் இடப்பக்கம் போட, படகு இரண்டு முறை முழு வட்டம் அடித்தது. அப்போது அவர் திரும்பிப் பார்க்காமலேயே, "கண்ணு, நீதான் என்னையப் பாத்து வலிக்கோணும். நான் முன்னால இருந்துட்டு உன்னையப் பாக்க முடியுமா?" என்றார். அதன் பிறகு அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு துடுப்புப் போட்டேன். படகு நேராகப் போகத் தொடங்கியது.

அடுத்ததாக வந்தது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே புகுந்து வீசும் பாதையில்தான் அந்தக் குளம் இருக்கிறது. உடுமலை, பல்லடம் பக்கங்களில் காற்றாலைகளை வரிசைவரிசையாக நிறுத்தியிருப்பதற்கு இதுவே காரணம். குளத்தின் நடுவிலிருந்து பார்த்தபோது அத்தனை காற்றாலைகளும் மேற்கு நோக்கி முகத்தைத் திருப்பி நின்றன. நாங்கள் தெற்கே போக முயன்றாலும் எங்கள் கயாக்கின் முனையும் அவற்றைப் போலவே காற்று வரும் திசைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கயாக்கின் இயல்பே அதுதான் என்றும், காற்றடிக்கும் பக்கத்தில் துடுப்பை அகலமாக வீசிப் போட்டுத் திருத்த வேண்டும் என்றும் பயிற்சியாளர் பக்கத்துப் படகிலிருந்து கத்திச் சொன்னார். முகாமில் கொடுத்த கைப்பிரதி இந்த இடத்தில் மிகவும் உதவியது. கலிலேயாக் கடல் என்பது 21 கிலோமீட்டர் நீளமும் 13 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நன்னீர் ஏரி என்பதையும், அது கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே பள்ளத்தில் கிடப்பதால் மேற்கிலுள்ள மலையிடுக்குகள் வழியாகக் காற்று திடீரென்று இறங்கி அடிக்கும் என்பதையும் அதில் படத்தோடு விளக்கியிருந்தார்கள். 1986ஆம் ஆண்டு வறட்சியில் அந்த ஏரியின் நீர் வற்றியபோது சேற்றுக்குள்ளிருந்து கிடைத்த, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான மரப்படகின் அளவும் அதில் இருந்தது: நீளம் ஏறக்குறைய 27 அடி, அகலம் ஏழரை அடி. இப்படிப்பட்ட பாடக்குறிப்பை நான் எந்தச் சபை முகாமிலும் பார்த்ததில்லை.

முகாமின் சிறந்த பகுதியாக நான் கருதுவது, அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே எதிர்காற்றில் கழித்த நாற்பது நிமிடங்கள். நம் தமிழ் வேதாகமத்தில் 'தண்டுவலித்தல்' என்றொரு சொல் வருகிறது; துடுப்புப் போட்டுப் படகு செலுத்துவது என்று பொருள். மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில், காற்று எதிராயிருந்தபடியினால் சீஷர்கள் தண்டுவலிக்கிறதில் வருத்தப்பட்டதை இயேசு கரையிலிருந்து கண்டதாக எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லை எத்தனையோ முறை வகுப்பில் வாசித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். குளத்துக்குள் தண்ணீரில் பாதி மூழ்கி ஒரு கருவேல மரம் நின்றது. அதைத் தாண்டிவிடலாம் என்று இருபது முறை துடுப்புப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அதே மரம் அதே இடத்தில், அதே கொக்கோடு பக்கத்தில் நின்றது. மறுபடி இருபது, மறுபடியும் இருபது. உள்ளங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கொப்பளித்துவிட்டது. சீஷர்கள் சாயங்காலத்தில் படவேறியவர்கள். இயேசு அவர்களிடம் வந்தது இரவின் நாலாம் ஜாமத்தில், அதாவது விடியற்காலம் மூன்று மணிக்குமேல். அத்தனை மணி நேரத்தில் அவர்கள் கடந்திருந்த தூரம் மூன்று நாலு மைல்தான் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. அவர்களில் சிலர் அந்த ஏரியிலேயே பிழைப்பு நடத்திய மீனவர்கள். அந்தக் கணக்கின் பாரம் அந்தக் கருவேல மரத்துக்குப் பக்கத்தில்தான் எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் யாரும் பிரசங்கம் செய்யவில்லை. மூச்சு வாங்கும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அது நடத்துபவர்களின் நல்ல முடிவு.

மதியம் கரையில் ஒலிபெருக்கி வைத்து நடந்த பிரசங்க வேளையைப் பற்றி அதே மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை. வாழ்க்கையில் எதிர்காற்று அடித்தால், கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறி ஓடிப் புயலில் சிக்கிய யோனாவைப் போல எங்கோ கீழ்ப்படியாமல் போயிருக்கிறோம் என்று பொருள் என்பதாகப் பேசியவர் வலியுறுத்தினார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகோதரி, ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக்கொடுத்துவந்த தன் சிறு பனியன் யூனிட்டை மூடிவிட்டு வந்தவர். அந்த வார்த்தையைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாற்கு ஆறில் சீஷர்களைப் படவேறும்படி துரிதப்படுத்தியவர் இயேசுதான். சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிந்து போனவர்கள்தான் நடுக்கடலில் எதிர்காற்றில் மாட்டிக்கொண்டார்கள். யோனாவின் கதையை எல்லார் தலையிலும் ஏற்றிவைப்பது வேதத்துக்கும் நியாயம் அல்ல, நொந்துபோனவர்களுக்கும் நியாயம் அல்ல. முகாம் முடிந்ததும் பொறுப்பாளரைத் தனியே சந்தித்து இதைச் சொன்னேன். அவர் மறுத்துப் பேசாமல் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வேறு சில குறைகளையும் சொல்லியாக வேண்டும். காலை ஆறரைக்குத் தண்ணீரில் இறங்குவோம் என்று அறிவித்துவிட்டு, ஒன்பது மணிக்குத்தான் இறக்கினார்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும் என்பதால் இந்தத் தாமதம் சாதாரணமானதல்ல. எனக்குக் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டில் கீழ்க் கொக்கி உடைந்திருந்தது, கேட்டபின் மாற்றிக்கொடுத்தார்கள். மீட்புக்கென்று மோட்டார் படகு எதுவும் தயாராக நிற்கவில்லை; விசிலோடு ஒருவர் கரையில் நின்றார், அவ்வளவுதான். பெண்கள் நனைந்த துணியை மாற்றிக்கொள்ளத் தார்ப்பாய் மறைப்பு ஒன்றே இருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது. மதியம் அரிசிம்பருப்பு சாதம், நெய்யோடு.

இத்தனைக்குப் பிறகும் இந்த முகாமை நான் பரிந்துரைக்கிறேன். நீச்சல் தெரியாதவர்களும் முதல்முறை போகிறவர்களும் ஆனி, ஆடி மாதங்களைத் தவிர்த்துவிட்டு மார்கழி, தை மாதங்களில் போகலாம். அப்போது தென்மேற்குக் காற்று இருக்காது. மீட்புப் படகு உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டி இழுத்துப் பாருங்கள். பொங்கல் முடிந்ததும் வரும் சனிக்கிழமைக்கு நாங்கள் இருவரும் மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறோம். இந்த முறை பின்னால் உட்காரப்போவது நங்கையா.