ஏத்தம் ஏற எது நிஜமா உதவுது: லைட் சைக்கிளா, கியரா, எடை குறைப்பா, பயிற்சியா?

15 வருஷம் விட்டுட்டு 47 வயசுல மறுபடி சைக்கிள் எடுத்தேன், சமதளம் ஒரு மாசத்துலயே பழகிடுச்சு, ஆனா ஏத்தம் வந்தா தொடை கல்லாயிடும், பாதியில இறங்கி தள்ளிக்கிட்டுதான் போவேன். லைட் வெயிட் சைக்கிள் வாங்குங்கன்னு ஒருத்தர், தொப்பையை குறைங்கன்னு ஒருத்தர், சும்மா நிறைய ஓட்டுங்க தானா வரும்னு ஒருத்தர். எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு வெச்சு பாத்தா, முதல்ல மாத்த வேண்டியது கியர்தான்.

சொல்றேன் ஏன்னு. முன்னாடி சின்ன செயின்ரிங் (பெடல் பக்கம் இருக்கற பல்சக்கரம்) 34 பல்லு, பின்னாடி கேசட்ல (பின் வீல்ல இருக்கற பல்சக்கர அடுக்கு) பெருசு 28 பல்லுன்னு வைங்க, பல ரோடு பைக்ல இப்படித்தான் இருக்கும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, 8 சதவீத ஏத்தம் (100 மீட்டர் போனா 8 மீட்டர் உயரம்), மணிக்கு 7.5 கிமீ வேகம்னா கிட்டத்தட்ட 160 வாட் சக்தி வேணும். அந்த வேகத்துல 28 பல்லுல பெடல் ஒரு நிமிஷத்துக்கு 49 சுத்துதான் சுத்தும், ஒவ்வொரு மிதியும் முட்டியை அமுக்கும். அதையே பின்னாடி 34 பல்லு போட்டா 60 சுத்து வரும், வாட் அதேதான் ஆனா ஒரு மிதிக்கு விழற பாரம் குறையுது, தொடை சீக்கிரம் செத்துப்போகாது. வாங்கறதுக்கு முன்னாடி உங்க ரியர் டிரெய்லியர் (பின்னாடி செயினை நகத்தி கியர் மாத்தற பாகம்) எத்தனை பல்லு வரைக்கும் தாங்கும்னு பாத்துக்கங்க, செயினையும் கொஞ்சம் நீளமா மாத்த வேண்டி வரலாம்.

லைட் சைக்கிள்னா 2 கிலோ குறையும்னு வைங்க, அதே 90 கிலோல 2 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல, 40 நிமிஷ ஏத்தத்துல ஒரு நிமிஷம்கூட மிச்சமாகாது. உடம்புல 5 கிலோ குறைஞ்சா 2 நிமிஷத்துக்கு மேல மிச்சம், அதுவும் சைக்கிளை விட்டு இறங்கினாலும் கூடவே இருக்கற லாபம். ஆனா பட்டினி கிடந்துட்டு மேட்டுல ஏறாதீங்க தயவுசெஞ்சு, இந்த வயசுல கொழுப்போட தசையும் கரையும், அப்புறம் மிதிக்க எது இருக்கும்?

பயிற்சிலதான் பெரிய சண்டையே. மெதுவா நிறைய கிலோமீட்டர் ஓட்டறதா, கொஞ்ச நேரம் கடுமையா ஏறறதா? முதல் 2 மாசம் மெதுவா ஓட்டறதுதான் சரி, பேசிக்கிட்டே ஓட்டற அளவு வேகம், ஏன்னா நுரையீரல் தயாரானாலும் தசைநாரும் மூட்டும் பழக நாளாகும். அதுக்கப்புறமும் அதையே பண்ணிட்டிருந்தா ஏத்தம் அங்கயேதான் நிக்கும், நான் அந்தத் தப்பைத்தான் ரொம்ப நாள் பண்ணேன். வாரத்துக்கு ஒருநாள் 5 நிமிஷ ஏத்தம், ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல பேச முடியாத வேகம், இறங்கும்போது ஓய்வு, மறுபடி ஏத்தம், இப்படி 4 தடவை. இதுலதான் எனக்கு மாற்றம் தெரிஞ்சுது. அடுத்த ரெண்டு நாள் லேசா ஓட்டணும், இளசுல மாதிரி மறுநாளே கால் ரெடியாகாது. நெஞ்சு இறுக்கமோ தலைசுத்தலோ இருந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரை பாருங்க, நெடுநாள் கழிச்சு தொடங்கறவங்க கடுமையா ஏற ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டா இன்னும் நல்லது.

ஜிம்ல ஸ்குவாட், ஸ்டெப் அப் வாரம் ரெண்டு நாள் போதும், முட்டிக்கும் நல்லது.

உக்காந்து ஏறறதா எழுந்து நின்னு ஏறறதான்னா, பெரும்பாலும் உக்காந்துதான். நின்னா உடம்பு பாரம் பெடல்ல இறங்கும், ஆனா இதயத்துடிப்பு எகிறும். வளைவுல செங்குத்தா வர்ற 20, 30 மீட்டருக்கு, முதுகை நிமித்திக்கறதுக்கு மட்டும் நில்லுங்க, நிக்கறதுக்கு முன்னாடி ஒரு கியர் கனமா போட்டுக்கங்க, இல்லன்னா கால் வெத்தா கீழ போயி சைக்கிள் பின்னால உதைக்கற மாதிரி இருக்கும்.

அப்புறம் ஏத்தத்தோட முதல் 5 நிமிஷம், அங்க எல்லாரும் தெம்பா இருக்கோம்னு வேகமா மிதிச்சுடறோம். நான் இப்ப அடிவாரத்துலயே லேசான கியர் போட்டு, ஒரு முழு வாக்கியம் சொல்ல முடியுதான்னு வாய்விட்டு பேசி பாத்துதான் ஏறறேன், பாதிக்கு மேலதான் வேகம் கூட்டறேன், போன மாசத்துலேர்ந்து ஒருதடவைகூட இறங்கி தள்ளல.