ஏடிஆர் 72: பதின்மூன்று ஆண்டுகள் ஓட்டிய பின் எழுதுவது

விடுப்பு முடிந்து நாகர்கோவிலிலிருந்து தூத்துக்குடியின் வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் புறப்படும் நாள்களில், முப்பந்தலைக் கடக்கும்போது காற்றாலைகளை ஒரு முறை நிதானமாகப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். அவற்றின் முகம் எந்தத் திசைக்குத் திரும்பியிருக்கிறது, இறக்கைகள் எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றன என்பதைக் கண்டாலே, அன்று தூத்துக்குடியில் இறங்கப்போகும் விமானிக்கு என்ன காத்திருக்கிறது என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மேல்காற்று பீறிட்டு வரும்போது, அன்றைய சேவையில் நான் வெறும் பயணியாக இருந்தால்கூட என் வலது கை தன்னையறியாமல், எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பவர் லீவரைத் தேடும்.

அந்தக் கைப்பழக்கத்தைக் கொடுத்த ஏடிஆர் 72 விமானத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். 2008 முதல் 2015 வரை இதன் 500 வகையை ஓட்டினேன். பிறகு நான்கு ஆண்டுகள் ஏர்பஸ் ஏ320. 2019இல் நானே கேட்டு ஏடிஆருக்குத் திரும்பி, அன்றுமுதல் 600 வகையை ஓட்டி வருகிறேன். ஜெட்டிலிருந்து, ப்ரொப்பல்லர் வைத்த டர்போப்ராப்புக்குத் திரும்புவது சம்பளத்திலும் மதிப்பிலும் கீழே இறங்குவதாகவே எங்கள் தொழிலில் கருதப்படும். நண்பர்கள் பலர் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். இந்தக் கட்டுரையை அவர்களுக்கான தாமதமான பதிலாகவும் வைத்துக்கொள்ளலாம்.

பிரான்சு, இத்தாலி நாடுகளின் கூட்டு முயற்சியில் உருவான ஏடிஆர் 72, முதன்முதலில் 1988 அக்டோபர் 27 அன்று பறந்தது. எழுபதுக்குச் சற்று மேற்பட்ட பயணிகள், 23 டன் வரையிலான புறப்பாட்டு எடை, இரண்டு பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள், எஞ்சினுக்கு ஆறு இதழ் கொண்ட ஒரு ப்ரொப்பல்லர். மணிக்கு ஏறக்குறைய 510 கிலோமீட்டர் வேகம். ஜெட்டுகள் இதைவிட முந்நூறு கிலோமீட்டர் விரைவாகச் செல்லும். இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் பயணிக்குத் தரை முழுவதும் தெரியும். பயிற்சிக் காலத்தில் நான் ஓட்டிய செஸ்னா 172 விமானத்துக்கும் இறக்கை மேலேதான் என்பதால், ஏடிஆரில் முதன்முதலாக ஏறியபோது பழைய வீட்டின் பெரிய அறைக்குள் நுழைந்ததுபோல இருந்தது.

ஓட்டுவதில் உள்ள இன்பம் எங்கே இருக்கிறது என்பதை ஏர்பஸுடன் ஒப்பிட்டுத்தான் என்னால் விளக்க முடிகிறது. ஏ320 விமானத்தில் பக்கவாட்டுக் குச்சியை அசைக்கும் விமானி உண்மையில் ஒரு வேண்டுகோளைத்தான் வைக்கிறார். கணினி அதைப் பரிசீலித்து, எல்லைக்கு உட்பட்டதாக இருந்தால் இறக்கையின் பரப்புகளை அசைக்கும், கை அழுத்தாமலே விமானம் சமநிலையில் நிற்க உதவும் டிரிம்மையும் தானே சரிசெய்துகொள்ளும். எஞ்சின் விசையைக் கணினி மாற்றும்போது லீவர்கள் அசைவதுகூட இல்லை. அது மிகச் சிறந்த விமானம் என்பதிலும், பயணிக்கு அந்த ஏற்பாட்டைவிடப் பாதுகாப்பானது எதுவும் இல்லை என்பதிலும் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் நான்கு ஆண்டுகளில் ஒரு நாளாவது காற்று என் உள்ளங்கையைத் தொட்டதாக நினைவில்லை.

ஏடிஆரில் கட்டுப்பாட்டுத் தண்டுக்கும் இறக்கை நுனிக்கும் இடையே இருப்பவை இரும்புக் கம்பிகளும் கப்பிகளும். காற்று இறக்கையைத் தள்ளினால் தண்டு கையில் கனக்கும். ஆட்டோத்ராட்டில் கிடையாது என்பதால், புறப்பாடு முதல் தரையிறக்கம் வரை எஞ்சின் விசை முழுவதும் விமானியின் கையில்தான் இருக்கிறது. இரண்டு ப்ரொப்பல்லர்களும் ஒரே திசையில் சுழல்வதால் விசையைக் கூட்டினால் மூக்கு ஒரு பக்கம் விலகும், குறைத்தால் மறுபக்கம் விலகும். ஒவ்வொரு முறையும் வாலிலுள்ள சுக்கானான ரடரின் டிரிம்மைத் தொட்டுச் சரிசெய்ய வேண்டும். கவனிக்காமல் விட்டால், ஆட்டோபைலட் சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டிரிம் சரியில்லை என்று திரையில் எழுதிக் காட்டும். பக்கத்து இருக்கையிலுள்ள இளைஞரின் முன்னால் அந்த எழுத்துகளைப் பார்க்க நேர்வது, குழம்பில் உப்பில்லை என்று விருந்தாளி சொல்லக் கேட்பதைப் போன்றது.

என் தகப்பனார் மணக்குடியில் வள்ளம் ஓட்டியவர். சுக்கானை இறுக்கிப் பிடிக்கிறவன் சீக்கிரம் களைத்துப்போவான் என்று அவர் சொல்வதுண்டு. ஏடிஆரின் தண்டை இரண்டு விரல்களாலும் கட்டைவிரலாலும் மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியை டிரிம்மிடம் விட்டுவிட வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. அவர் சொன்னதைச் சின்ன வயதிலேயே காதில் வாங்கியிருந்தால் சில மாதங்கள் மிச்சமாகியிருக்கும்.

தரையிறக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த விமானத்தின் குணம் முழுவதும் கடைசி ஐம்பது அடியில்தான் வெளிப்படுகிறது. இறக்கையின் பின்விளிம்புப் பலகைகளான ஃபிளாப் முழுவதும் இறங்கிய நிலையில் ஏடிஆரின் மூக்கு தாழ்ந்தே இருக்கும். அப்படியே தரைக்குக் கொண்டுபோனால் முன்சக்கரம் முதலில் இடிக்கும். ஆகவே மூக்கை மெல்ல உயர்த்த வேண்டும். அதே வேளையில் விசையை மெல்ல இறக்க வேண்டும். இந்த இரண்டாவது ‘மெல்ல’ என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். ஜெட்டில் விசையை முழுக்கக் குறைத்தாலும் விமானம் சிறிது தூரம் மிதக்கும். ஏடிஆரில் லீவரைச் சட்டென்று பின்னால் இழுத்தால் இதழ்கள் தட்டையாகி, இரண்டு பெரிய வட்டத் தகடுகளைக் காற்றுக்கு எதிரே பிடித்ததுபோல வேகத்தை விழுங்கிவிடும். என் முதல் ஆண்டில் ஒரு மாலை, இருபது அடி உயரத்தில் நான் அப்படி இழுத்ததும், விமானம் மாடிப்படியில் கடைசிப் படி இருப்பதாக நினைத்துக் கால் வைத்தவனைப்போலத் தரையில் அமர்ந்தது. பின்னால் யாரோ ‘அம்மா’ என்றது விமானி அறைக் கதவைத் தாண்டிக் கேட்டது. பயிற்றுநர் எதுவும் சொல்லவில்லை. நிறுத்துமிடம் வந்த பிறகு, ‘லீவர் சூடாக இருந்ததா?’ என்று மட்டும் கேட்டார்.

தூத்துக்குடியின் பழைய ஓடுபாதை ஏறக்குறைய 1,350 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஏர்பஸ் அங்கு இறங்க முடியாததால், அந்த ஊர் நெடுங்காலம் டர்போப்ராப்புகளின் ஊராகவே இருந்தது. ஆடி மாதத்து மதியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டுப்பாட்டுக் கோபுரம், காற்று 260 பாகையில் 22 நாட், வீச்சு 32 நாட் என்கிறது. ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர்; வீச்சு என்பது இடையிடையே எழும் பலத்த அடி. என் தகப்பனார் இதையே ‘கச்சான் நல்லா அடிக்கி’ என்று முடித்துவிடுவார்; கச்சான் என்றால் மேற்குக் காற்று. ஓடுபாதை 28, அதாவது 280 பாகையை நோக்கியது என்பதால் காற்று ஏறக்குறைய நேர் எதிரே வருகிறது, அது நல்லதுதான். ஆனால் வீச்சுக்காக அணுகுவேகத்தில் 10 நாட் கூட்டிக்கொள்ள வேண்டும். விதிப்படி 15 வரை கூட்டலாம். குட்டையான ஓடுபாதைக்கு வேகத்தைக் கூட்டிக்கொண்டு போக எந்த விமானிக்கும் மனம் ஒப்பாது. கூட்டிய வேகத்தை எதிர்க்காற்று தரைவேகத்திலிருந்து கழித்துவிடும் என்ற கணக்கு அறிவுக்குத் தெரியும், வயிற்றுக்குத் தெரியாது.

ஐந்நூறு அடிக்குக் கீழே தண்டு ஓயாமல் பேசும். இடது இறக்கை தூக்கும், அடக்கினால் வலது தூக்கும், வேகமுள் ஏழெட்டு நாட் ஏறி இறங்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பதில் சொல்ல முயல்கிறவர் தோற்றுப்போவார். பாதியை விமானத்திடமே விட்டுவிட்டு, போக்கை மட்டும் காக்க வேண்டும். சக்கரம் தொட்டதும் லீவர்களைத் தரைநிலைக்கு இழுத்து, இதழ்களின் கோணம் குறைந்துவிட்டதைக் காட்டும் இரண்டு சிறு விளக்குகளும் எரிகின்றனவா என்று பார்த்த பிறகே பின்விசைக்குப் போகலாம். ஒன்று எரிந்து மற்றது எரியாமல் பின்விசை கொடுத்தால் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிடக்கூடும். வேகம் 70 நாட்டாகக் குறையும்போது தண்டைத் துணை விமானியிடம் ஒப்படைத்துவிட்டு, என் இடது கை முன்சக்கரத்தைத் திருப்பும் சிறு பிடிக்குப் போகும். இவ்வளவும் நடந்து முடிய அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்துக்காகவே நான் திரும்பி வந்தேன் என்று சொன்னால் அது மிகையாகாது.

காற்று ஓய்ந்த தை மாதக் காலைப் பறத்தல் இதற்கு நேர் எதிரானது. ஓடுபாதை 10 வழியே சூரியனை நோக்கிப் புறப்பட்டு, கடலுக்கு மேல் திரும்பி வடக்கே செல்லும்போது 17,000, 18,000 அடிக்கு மேல் ஏற வேண்டிய தேவை பெரும்பாலும் இருப்பதில்லை. அந்த உயரத்தில் உப்பளங்களின் கட்டங்களும் குளங்களும் தனித்தனியே தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி நீலமாக முடிவது தெரியும். ஏர்பஸின் 36,000 அடியிலிருந்து இதே மாவட்டங்கள் வரைபடமாகத்தான் தெரிந்தன.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் குறை வெக்கை. ஏடிஆரில் தனியான துணை எஞ்சின் கிடையாது. அதற்குப் பதிலாக வலது எஞ்சினை ஓடவிட்டு அதன் ப்ரொப்பல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைக்கும் ‘ஹோட்டல் மோடு’ என்ற ஏற்பாடு உண்டு. பயணிகள் இடப்புறத்தின் பின்கதவு வழியே ஏறும்போதும் குளிர்ச்சியும் மின்சாரமும் அதன் மூலம் கிடைக்கும். அறிவான ஏற்பாடுதான். ஆனால் பின்னாலிருந்து பலமாகக் காற்றடித்தால் எஞ்சினின் சூடான புகை திரும்பி வந்து அதன் கூட்டையே சுடும் என்பதால் அதைப் பயன்படுத்த இயலாது. சித்திரை மதியத்தில் சட்டை முதுகோடு ஒட்டிய நிலையில், பயணி ஒருவர் ஏசி ஏன் வேலை செய்யவில்லை என்று விமானப் பணிப்பெண்ணிடம் சண்டையிடுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

இரண்டாவது குறை பனி. இது வெறும் அசௌகரியம் அல்ல. நம் ஊர் வெயிலில் பனியா என்று கேட்பார்கள். 16,000 அடிக்கு மேல் மழைமேகத்துக்குள் நுழைந்தால் தென்னிந்தியாவிலும் இறக்கையில் பனி படியும். ஜெட்டுகள் விரைவாகக் கடந்து மேலே போய்விடும் அந்த உயரத்தில்தான் ஏடிஆர் நாள் முழுவதும் வேலை செய்கிறது. 1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ரோஸ்லான் அருகே ஒரு ஏடிஆர் 72 பனியால் கட்டுப்பாட்டை இழந்து விழுந்த பின்னர்தான், இறக்கையின் முன்விளிம்பில் காற்றடைத்து உப்பிப் பனியை உடைக்கும் ரப்பர் உறைகள் பெரிதாக்கப்பட்டன. என் இடப்பக்கச் சன்னல்களுக்கு இடையே வெளியே விரலளவு நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முள் ஒன்று உண்டு. விமானத்தின் மற்ற பாகங்களில் பனி உருகிய பிறகும் அதில் மட்டும் பனி தங்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள்; இரவில் அதற்கு விளக்கும் எரியும். மழைக்காலத்தில் கருவிகளுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பது அந்த முள்ளைத்தான். அதில் வெண்மை தெரிந்தால் குறைந்தபட்ச வேகத்தின் எல்லை உயர்ந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, நடுமேடையில் லீவர்கள் நெருங்கி நிற்பது. விசை லீவர்கள், ப்ரொப்பல்லரையும் எரிபொருளையும் ஆளும் கண்டிஷன் லீவர்கள், அவற்றை அடுத்து ஃபிளாப் லீவர். 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் ஒரு ஏடிஆர் 72 விழுந்தபோது, ஃபிளாப்புக்குப் பதிலாகக் கண்டிஷன் லீவர்கள் இழுக்கப்பட்டதால் இரண்டு ப்ரொப்பல்லர்களும் விசையிழந்தன என்பது விசாரணையில் தெரியவந்தது. அந்த அறிக்கையைப் படித்த பின், ஃபிளாப்பைத் தொடும் முன் கையை வைத்து, கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, பிறகே இழுக்கும் பழக்கத்தை என்னுடன் பறக்கும் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன். சிலருக்கு அது சலிப்பாக இருக்கிறது. இருக்கட்டும்.

500 வகைக்கும் 600 வகைக்கும் இடையே பறக்கும் குணத்தில் வேறுபாடு குறைவு. காக்பிட்டில் வட்ட முகக் கருவிகள் பல போய் ஐந்து அகன்ற திரைகள் வந்தன, அவ்வளவுதான். பயணியின் காதுக்கு இரண்டும் ஒரே இரைச்சல். ப்ரொப்பல்லருக்கு நேர் எதிரே உள்ள வரிசைகளைத் தவிர்த்துப் பின்வரிசையில் அமருமாறு உறவினர்களுக்குச் சொல்லிவருகிறேன்.

எந்த விமானியிடம் கேட்டாலும் அவர் மனத்துக்கு நெருக்கமான விமானம் அவர் ஓட்டியவற்றுள் பெரியதாக இருப்பது அரிது. 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்த ஜே.ஆர்.டி. டாடா, ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே பாதையில் பறந்து காட்ட முன்வந்தபோது அவருக்கு 78 வயது; அதற்கு அவர் எடுத்துக்கொண்டது லெப்பர்ட் மாத் என்ற ஒற்றை எஞ்சின் சிறு விமானம். போயிங் 747 விமானங்களை வாங்கிய ஏர் இந்தியாவுக்குத் தலைமை வகித்தவர் அவர்.

என் தகப்பனார் ஒரே ஒரு முறை என் விமானத்தில் பயணம் செய்தார். சன்னல் வழியே சக்கரம் இறங்குவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, ‘காத்துக்குச் சாஞ்சு குடுக்குது மக்கா, நல்ல வள்ளம்’ என்றார். அதன் பிறகு வெகுநேரம் ப்ரொப்பல்லரைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார், விலையையும் கேட்டார்.

இப்போது தூத்துக்குடி ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டுவிட்டது. 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்டது. கடந்த ஆவணியில், கச்சான் இன்னும் ஓயாத ஒரு பிற்பகலில் அங்கே இறங்கினேன். சக்கரம் தொட்டது, இரு விளக்குகளும் எரிந்தன, கை பழைய கணக்குப்படி பின்விசையும் பிரேக்கும் கொடுத்து, ஓடுபாதையில் பாதிக்கு மேல் மிச்சம் கிடக்கும்போதே வேகத்தை நடைவேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. துணை விமானி முன்னால் நீண்டு கிடந்த தாரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ‘கேப்டன், இன்னும் நிறைய இருக்கே?’ என்றார். மறுபடி விசையைச் சற்றுக் கூட்டி உருட்டிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.