வன்னியில் வீடு கட்ட முன் கறையான் மருந்து: விலையை லீற்றரில் கேளுங்கள்

வெளிநாட்டில் இருந்து லீவுக்கு வந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அத்திவாரம் வெட்டுபவர்களுக்குக் கறையான் மருந்தடிக்கும் ஆட்கள் பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்கிறார்கள். எவ்வளவு கலவை மண்ணுக்குள் இறங்கும் என்பது அந்தத் தொகையில் தெரியாது. இரண்டு பேரின் விலையை ஒப்பிட முடியாமல் போவது அதனால்தான். ஆகவே மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள்: மருந்தின் பெயரும் அதன் செறிவு வீதமும், லீற்றர் தண்ணிக்கு எத்தனை மில்லி, மொத்தம் எத்தனை லீற்றர் கலவை.

கணக்கை நீங்களே போடலாம். கட்டடங்களில் கறையான் தடுப்புக்கான இந்திய நியமம் (IS 6313) சொல்லும் அளவு இதுதான்: நிலப்பரப்புக்குச் சதுர மீற்றருக்கு 5 லீற்றர், அத்திவாரச் சுவரின் செங்குத்துப் பக்கத்துக்கு 7.5 லீற்றர். நிலத்துக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய அரை லீற்றர் என்று மனதில் வைத்தால் போதும்.

40க்கு 30 அடி வீடு ஒன்றை எடுப்போம். நிலம் 1200 சதுர அடி, அதாவது 111.5 சதுர மீற்றர். 560 லீற்றர் வரும். வெளிச்சுவர் 140 அடி, உட்சுவர் 80 அடி, அத்திவாரச் சுவர் இரண்டடி உயரம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 600 லீற்றர். வெட்டிய கிடங்கு இரண்டடி அகலமென்றால், அடிமட்டத்துக்கும் பக்கங்களில் ஓரடி உயரத்துக்கும் சதுர மீற்றருக்கு 5 லீற்றர் வீதம் ஏறக்குறைய 400. கடைசியில் வீட்டைச் சுற்றி அடிப்பதைச் சேர்க்காமல், ஆக மொத்தம் 1560 லீற்றர் கலவை. தூணும் பீமும் போட்டுக் கட்டும் வீடென்றால் கிடங்கின் அடியில் தொடங்கத் தேவையில்லை. நிலமட்டத்துக்குக் கீழே 500 மில்லிமீற்றரில் இருந்து அடித்தால் போதும், கணக்கும் இறங்கும்.

இப்போது மருந்து. இமிடாகுளோபிரிட் என்ற கறையான் மருந்து 30.5 வீதச் செறிவு என்றால் லீற்றருக்கு 2.1 மில்லி, 1560 லீற்றருக்கு 3.3 லீற்றர் மருந்து. அதே மருந்து லீற்றரில் 200 கிராம் உள்ள போத்தலில் வந்தால் லீற்றருக்கு 3.75 மில்லி வேண்டும், கிட்டத்தட்ட 5.9 லீற்றர். போத்தல் விலை மலிவாகத் தெரிவதற்கு இந்த வித்தியாசமே காரணமாக இருக்கலாம். லேபிளில் கறையானுக்கு என்று அளவு போட்டிருக்கிறதா, பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். வயலுக்கு அடித்து மிஞ்சியதைக் கொண்டுவந்து ஊற்றுபவரை வளவுக்குள் விடாதீர்கள்.

மருந்தின் கடை விலையோடு கூலி, வாகனச் செலவு, தண்ணிச் செலவு மூன்றையும் கூட்டினால் உங்கள் மதிப்பீடு வந்துவிடும். வவுனியாவில் இருந்தோ யாழ்ப்பாணத்தில் இருந்தோ ஒட்டுசுட்டானுக்கும் மல்லாவிக்கும் ஆள் வருவதென்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பயணம். ஆவணியில் கிணறு வற்றிய வளவென்றால் பவுசர் தண்ணியையும் கணக்கில் சேருங்கள்.

வேலை ஒரே நாளில் முடியாது என்பதுதான் வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்குப் பெரிய சிக்கல். கிடங்கு வெட்டியதும் ஒன்று, சுவரோரம் மண் நிரப்பும்போது ஒன்று, கிறவல் போட்டு இறுக்கிய பின் பொலித்தீன் விரிக்க முன் ஒன்று, வெளிப்பூச்சு முடிந்ததும் வீட்டைச் சுற்றி ஒன்று. லீவு முடிந்து நீங்கள் போனபிறகு கடைசி இரண்டும் நடக்கும். காசைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் உடைக்காத போத்தல், கலக்கும் பீப்பாய், அடிக்கும் இடம் மூன்றையும் படம் எடுத்து அனுப்ப வீட்டாரில் ஒருவரை நிறுத்துங்கள். முதுகில் மாட்டும் தாங்கி 16 லீற்றர் பிடிக்கும். 1560 லீற்றருக்கு நூறு தாங்கிக்குக் கிட்ட வேண்டும். ஒரு தாங்கியோடு வந்து ஒரு மணித்தியாலத்தில் கிளம்புபவர் மண்ணின் மேல்தோலை நனைத்திருக்கிறார், அவ்வளவுதான். பீப்பாயும் மோட்டர் பம்பும் கொண்டுவருபவரைத் தேடுங்கள்.

சுவரோரத்தைக் கிட்ட நின்று பாருங்கள். அரை அங்குலக் கம்பியால் ஆறங்குலத்துக்கு ஒன்றாக, ஓரடி ஆழத்துக்குத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் கலவை இறங்கும்வரை ஊற்ற வேண்டும். கழிவுக் குழாய் நிலத்தால் மேலே வரும் இடத்தைச் சுற்றிக் கூடுதலாக விடவேண்டும். குசினியிலும் குளியலறையிலும் கறையான் பெரும்பாலும் ஏறுவது குழாயைச் சுற்றிய இடைவெளியால். மருந்தடித்த பின் பிளம்பர் வந்து நிலத்தை வெட்டினால் தடுப்பு அறுந்துபோகும். ஆகவே குழாய் வேலை முதலில் முடியட்டும், வெட்ட நேர்ந்தால் அந்த இடத்துக்குத் திரும்ப மருந்து. மண் ஈரமாக இருந்தாலோ மழை கறுத்தாலோ அடிக்கக் கூடாது; ஐப்பசி, கார்த்திகையில் வேலை வைத்தால் பணம் தண்ணியோடு போகும். கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் துளையிட்டு ஊற்ற விடாதீர்கள்.

காடு வெட்டிய வளவென்றால் பாலை, வீரை அடிக்கட்டைகளை வேரோடு எடுத்துவிட்டு மருந்துக்குப் போங்கள். கிறவலுக்குள் கட்டையும் ஷட்டரிங் பலகைத் துண்டும் புதைந்தால் அது கறையானுக்குச் சாப்பாடு. புற்றை ஜேசிபியால் தட்டி மட்டமாக்குவதால் கூடு சாகாது. அலவாங்கால் துளைகள் இறக்கி, ஒரு கன மீற்றர் அளவான புற்றுக்கு நான்கு லீற்றர் கலவை ஊற்றவேண்டும்.

உத்தரவாதக் கடிதத்தில் மருந்துப் பெயரும் லீற்றரும் இருக்கட்டும். மண்ணைத் தோண்டினால் உத்தரவாதம் போகும் என்ற வரி இருந்தால், பூங்கன்று வைக்க எங்கே வெட்டக்கூடாது என்று வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையானுக்கு இந்த மண்மருந்து எதுவும் செய்யாது. கதவு நிலைக்குக் கீழே கசகசா போல உருண்டைத் துகள் கொட்டினால் அது அந்த வகை. அதற்கு மரத்தில்தான் வைத்தியம். நிலைக்கு முதிரை அல்லது வைரம் பாய்ந்த பனை எடுத்து, காய்ந்த மரத்தில் பூசும் மருந்தை வெட்டுமுனை, துளை எல்லாவற்றிலும் பூட்ட முன்னரே பூசச் சொல்லுங்கள். அந்தக் கூலி தச்சரின் கணக்கில் தனியாக வரும்.