மஞ்சள் கட்டத்தில் ஒரு சாவு: ஹிராக்கா, போ-டையா?

"தம்பி, எட்டுன்னா மஞ்சள்தானே? பச்சையாக்க முடியாதா?" பினாங்கு, செபராங் பிறையில் நான் முன்பு வேலை பார்த்த கல்குவாரியில் மேற்பார்வையாளரான மண்டோர் அண்ணன் கேட்டது. மறுநாள் தணிக்கை. இடர் மதிப்பீட்டுத் தாளில், வெடியில் கல் பறந்து ஒருவர் சாகும் வாய்ப்புக்கு நான் பென்சிலில் எழுதியிருந்த 2-ஐ 1 ஆக்கினால் போதும், பச்சை வந்துவிடும்.

மலேசியாவின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி. 2008-இல் வெளியிட்ட ஹிராக் முறை, அதாவது ஆபத்தைக் கண்டறிந்து, மதிப்பிட்டு, கட்டுப்படுத்தும் முறை, அப்படித்தான். நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, கடுமைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். இரண்டையும் பெருக்க வேண்டும். 15-லிருந்து சிவப்பு, 5 முதல் 12 வரை மஞ்சள், அதற்குக் கீழ் பச்சை. வெடி வைக்கும்போது கல் பறந்து ஒருவர் சாவது கடுமை 4, வாய்ப்பு அரிது என்று 2: மொத்தம் 8. படிக்கட்டில் கால் பிசகுவது கடுமை 2, வாய்ப்பு 4: அதுவும் 8. சாவுக்கு வாய்ப்பை 3 என்று ஏற்றினாலும் 12தான், மஞ்சளை விட்டு நகராது. இந்தக் கணக்கை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனாலும் அதைத் தூக்கிப்போட முடியாது. கிரஷர் இரைச்சல், கிரானைட் தூசி, லோரி ரிவர்ஸ் எடுப்பது என்று ஒன்று விடாமல் பட்டியலிட அதுதான் கைகொடுக்கும். 2024 ஜூன் 1 முதல் இடர் மதிப்பீடு முதலாளியின் சட்டக் கடமை. தவறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம்.

காலையில் வேலைக்கு முன், வேலையைப் படிப்படியாகப் பிரித்து ஆபத்தைப் பார்க்கப் போடும் ஜே.எஸ்.ஏ. நல்லதுதான், கையெழுத்துச் சடங்காகாத வரை.

கழுத்தில் கட்டும் போ-டை வடிவில் வரையும் இடர்ப்படம்தான் போ-டை. அது கணக்கே போடாது. நடுவில் 'கல் எல்லை தாண்டிப் பறக்கிறது' என்று எழுதுவோம். இடப்பக்கம் காரணங்கள்: வெடித்துளைக்கும் பாறை முகப்புக்கும் இடையே தடிமன் குறைவு, துளையின் வாயை ஜல்லிக்குப் பதில் தூளால் அடைத்தது, பாறைக்குள் களிமண் பட்டை. வலப்பக்கம் விளைவுகள். இடையில் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் நேரே அதற்குப் பொறுப்பானவரின் பெயர். ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் சேரும் தூசிக்கு இந்தப் படம் அவ்வளவாக உதவாது. காற்றை அளந்துதான் பார்க்க வேண்டும். வெடி வைப்பதற்கும் லோரி ஓட்டத்துக்கும் மட்டும் நான் இதைத்தான் வரைவேன்.

அன்று மண்டோர் அண்ணனோடு உட்கார்ந்து வரைந்தேன். "வெடிக்கிறப்ப ரோட்டை மறிச்சு நிக்கிறது யாருண்ணே?"

"அந்த வங்காளதேசத் தம்பிதான்."

"ஒரு மணிக்குத்தானே வெடி?"

"ஆமா." பென்சிலைக் கீழே வைத்தார். "அவன் ஒரு மணிக்குச் சாப்பிடப் போயிடுவானே."