தோசையா, சோறா, கஞ்சியா: இரண்டரை வயதுப் பிள்ளையோடு இராத்திரிச் சாப்பாடு

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், குழித்துறைக்குப் போகிற வழியில். மனைவி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலைக்காரி. அதனால் அடுக்களையில் இரண்டு ஊர்ப் பழக்கமும் உண்டு. மகளுக்கு இப்போது இரண்டரை வயது. போன ஒரு வருடத்தில் இராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு வழிகளை மாறி மாறிப் பார்த்துவிட்டோம்: அவளுக்குத் தனியாகச் சமைப்பது, தோசை இட்லி, சோறும் கறியும், கஞ்சியும் பயறும். இன்று வாரத்தில் மூன்று நாள், சில வாரம் நாலு நாள், கஞ்சியும் பயறும்தான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

எங்கள் நேரக் கணக்கையும் சொல்ல வேண்டும். நான் ஆறு மணிக்கு வீடு வருவேன். மனைவி வர ஏழு ஆகும். பிள்ளைக்கு எட்டரைக்குக் கண் சொக்கிவிடும். நடுவில் இருக்கும் நேரத்தில் நானும் என் அம்மாவும் சமைத்து, நாலு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

முதலில் தனிச் சமையல். ஒன்றரை வயது வரை அம்மா அவளுக்கென்று சின்னப் பாத்திரத்தில் சோற்றைக் குழைத்து, பருப்பும் காரட்டும் சேர்த்து, நெய் விட்டு வைப்பார். ஒரு வயதுக்குள் அது சரி, வேறு வழியும் கிடையாது. அதற்குப் பிறகுதான் சிக்கல். ஏழு மணிக்கு அவளை உட்கார வைத்து ஊட்டுவோம், நாங்கள் ஒன்பது மணிக்குச் சாப்பிடுவோம். அவள் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஒருநாள் அம்மாவே சொன்னார்: "பிள்ளை நம்ம கூட இருந்தாத்தான் தின்னும் மக்ளே. தனியா இருத்தி வச்சா அதுக்கு எப்படி இறங்கும்?"

அந்த வயதில் பசி குறைவது இயல்பு என்பதும் எங்களுக்கு அப்புறம்தான் புரிந்தது. முதல் வருடத்தில் குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைப் போல ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டாவது வருடத்தில் கூடுவது மொத்தமே 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் மெதுவாகும். இது தெரியாமல், சாப்பிடாத நாளில் ஒரு தம்ளர் பாலைக் கொடுத்துத் தூங்க வைத்தோம். பால் வயிற்றை அடைத்துக்கொள்ளும், மறுநாளும் சாப்பாடு இறங்காது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் இரும்புச்சத்துக் குறைவு வரலாம் என்று தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் எச்சரித்தார். அன்றோடு இராப்பாலை நிறுத்தினோம். தனிச் சமையலும் அதோடு போயிற்று.

அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் சொல்கிற வேலைப் பிரிவினை ஒன்று உண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும், நடத்திப் பார்த்தால் ஒரு தடை வரும். நாம் சாப்பிடுவது அவளும் சாப்பிடக்கூடியதாக இருந்தால்தானே இது நடக்கும்? நம் சமையலில் அதற்குக் குறுக்கே நிற்பது மிளகாய். இந்த ஒப்பீட்டில் நான் முக்கியமாகப் பார்த்ததும் அதைத்தான்: மிளகாய் எந்தக் கட்டத்தில் சட்டிக்குள் போகிறது?

தோசை இட்லியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். மாவில் மிளகாய் இல்லை, அந்த வகையில் நல்லது. இட்லி அவசரத்துக்குக் கைகொடுக்கும். தோசையில் எனக்கு இரண்டு குறை. ஒருவர் அடுப்படியில் நின்று சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சேர்ந்து உட்கார முடியாது. அடுத்தது, சாம்பாரும் சட்னியும் உறைக்கிறது என்று பிள்ளை சீனி கேட்கும். சீனி தொட்ட தோசைக்குப் பழகிய நாக்கை மீட்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது வாரத்தில் ஒரு நாள் தோசை, தொட்டுக்கொள்ள மிளகாய் போடாத தேங்காய்ச் சட்னி. பெரியவர்களுக்கு மிளகாய்ப் பொடி தனி.

சோறும் கறியும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம். நம் பக்கத்துக் கறிகளை மிளகாய் சேரும் கட்டத்தை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். தீயலில் தேங்காயோடு வற்றலையும் மல்லியையும் கருக வறுத்து அரைக்கிறோம். மீன் புளிமுளத்தில் அரைப்பிலேயே மிளகாய் இருக்கிறது. இவற்றில் பிள்ளைக்கென்று ஒரு பங்கை முன்கூட்டி எடுத்து வைக்க வழியே இல்லை. தீயலைத் தயிர் விட்டுப் பிசைந்து கொடுத்துப் பார்த்தோம், ஒரு வாய் வாங்கிவிட்டு "எரியுது" என்று தட்டைத் தள்ளினாள். மறுபக்கம் பருப்புக் கறி, அவியல், எரிசேரி என்கிற தேங்காய்க் கூட்டு. பருப்பையும் தேங்காய் அரைப்பையும் மிளகாய் இல்லாமல் கொதிக்க வைத்து, அவள் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தில் கீறிய பச்சை மிளகாயைப் போட்டு ஒரு கொதி விட்டால் போதும். அவியலுக்கும் அதே முறைதான். வெந்த காய்களை அவள் தானே கையால் எடுத்துத் தின்பாள். ஆகவே சோறு வைக்கும் நாளில் எங்கள் வீட்டில் இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் இருக்கும். தீயல் மதியத்துக்குப் போய்விட்டது.

மீன் என்றால் துண்டை மஞ்சளும் துளி உப்பும் போட்ட தேங்காய்ப்பாலில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவிப் பார்த்து உதிர்த்துக் கொடுக்கிறோம். சூரையும் நெய்மீனும் இதற்குத் தோது. சாளை (மத்தி) சத்தான மீன்தான், விலையும் குறைவு. ஆனால் அந்தப் பொடி முள்ளை நம்பிப் பிள்ளைக்குக் கொடுக்க எனக்கு இன்னும் துணிவில்லை. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் குளச்சல், முட்டம் மீனின் விலை ஏறிக் கிடக்கும், அப்போது முட்டைதான்.

இனி கஞ்சிக்கு வருகிறேன்.

கஞ்சியில் மிளகாயும் உப்பும் பானைக்கு வெளியே இருக்கின்றன. இதுதான் அதன் முழுப் பலம். சட்டியில் வேவது அரிசியும் தண்ணீரும் மட்டும். உப்பை அவரவர் கிண்ணத்தில் போட்டுக்கொள்கிற பழக்கம் நம் வீடுகளில் பாட்டன் காலத்திலிருந்தே உண்டு. உறைப்பெல்லாம் துவையலிலும் காந்தாரி மிளகாயிலும் ஊறுகாயிலும் மீன் பொரித்ததிலும்தான். அடுப்பில் நிற்கிறவர் பிள்ளையை நினைத்து எதையும் மாற்றவோ எடுத்து வைக்கவோ வேண்டாம். பெரியவர்களும் சப்பென்று சாப்பிட வேண்டியதில்லை. மற்றச் சமையலில் நாம்தான் இடையில் நினைவாக ஒரு பங்கைப் பிரித்து எடுக்க வேண்டும். களைத்து வரும் மாலையில் அந்த நினைவு தப்பும். பருப்புக் கறியிலேயே எனக்கு இரண்டு தரம் தப்பியிருக்கிறது. மிளகாயைப் போட்ட பிறகு ஞாபகம் வந்து, அன்று அவளுக்கு வெறும் சோறும் தயிரும்தான். கஞ்சியில் அந்தப் பயமே இல்லை. உப்புக்கும் இது பெரிய விஷயம். பெரியவர்களுக்கே நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதையும் விடக் குறைவு. பானையில் உப்பு இல்லையென்றால் அவள் கிண்ணத்துக்கு எவ்வளவு என்பது நம் கையில்.

செய்முறை சொல்லும்படி பெரிதில்லை. மட்டை அரிசியை (கேரளத்துச் சிவப்புப் புழுங்கல் அரிசி) கழுவி, முடிந்தால் அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு தண்ணீர் விட்டு குக்கரில் ஆறேழு விசில். சிறுபயறை வெறும் சட்டியில் வாசம் வருமளவு வறுத்து இன்னொரு குக்கரில் நாலு விசில். ஒரு கைப்பிடி தேங்காய், கொஞ்சம் சீரகம், இரண்டு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), ஒரு பல் பூண்டு, மஞ்சள், இவற்றை ஒன்றிரண்டாக அரைத்துப் பயறில் சேர்த்துக் கொதிக்க விட வேண்டும். அவள் பங்கை எடுத்த பிறகு, இடித்த வற்றலையும் கறிவேப்பிலையையும் தேங்காய் எண்ணெயில் தாளித்து மிச்சத்தில் கொட்டினால் நமக்குப் பயறு தயார். இங்கேயும் ஒரு பிரிப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தாளிப்பு கடைசி வேலை, தனிக் கரண்டியில் நடப்பது. மறந்தாலும் கெடாது, மேசையில் வைத்துக்கூட ஊற்றிக்கொள்ளலாம். வீட்டு முருங்கையில் இலை இருந்தால் ஒரு பிடி உருவிப் பயறில் போடுவோம். பெரியவர்களுக்குத் துவையல் அம்மா கையால்.

சத்துக் கணக்கிலும் இந்தச் சேர்க்கை நல்லது. 100 கிராம் உலர்ந்த சிறுபயறில் 22 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. அரிசியில் 7 கிராம் போலத்தான். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்கிற அமினோ அமிலம் பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியிலிருந்து கிடைக்கிறது. நம் முன்னோர்கள் கஞ்சியையும் பயறையும் பிரிக்காமல் வைத்ததற்கு அனுபவமே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் கஞ்சியில் ஒரு ஆபத்து உண்டு, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கஞ்சித் தண்ணீர் பிள்ளையின் சின்ன வயிற்றை நிரப்பிவிடும், சத்து அதில் கொஞ்சம்தான். தொடக்கத்தில் நாங்கள் தெளிந்த கஞ்சியாகக் கொடுத்து, ஒரு கிண்ணம் குடித்துவிட்டாளே என்று மகிழ்ந்தோம். இராத்திரி பதினொன்றுக்குப் பசித்து அழுதாள். இப்போது அகப்பையை அடி வரை விட்டுச் சோற்றுப் பருக்கையாக அள்ளுகிறோம். அதைக் கரண்டியால் மசித்து, பயறும் சம அளவு சேர்த்து, ஒரு ஸ்பூன் நெய்யோ கெட்டித் தேங்காய்ப்பாலோ விடுகிறோம். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது, அந்தக் கெட்டி. பயறும் விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும்.

பிள்ளைக்குப் பிடிக்குமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. முதல் வாரம் பயறைத் தொடவில்லை. கட்டாயப்படுத்தாமல் ஒவ்வொரு தரமும் ஒரு ஸ்பூன் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தோம். புதுச் சாப்பாடு ஒன்றைப் பிள்ளைகள் ஏற்க எட்டு, பத்து தடவை, சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்பது எங்கள் வீட்டில் அப்படியே நடந்தது. ஒன்பதாவதோ பத்தாவதோ நாளில் தானாக எடுத்து வாயில் போட்டாள். வழி திறந்துவிட்டது பிலா (பலா) இலை. வீட்டுக்குப் பின்னால் பிலாமரம் நிற்கிறது. பழுத்த இலையை விட்டு, பச்சை இலையைக் கழுவிக் கோட்டி ஈர்க்கு (ஓலைக் குச்சி) குத்தினால் கஞ்சி கோரிக் குடிக்கும் கரண்டி. தாத்தா காலத்து வழக்கத்தை அம்மா ஒருநாள் காட்டியதும் "எனக்கும் எல, எனக்கும் எல" என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவள் இலைக்கு ஈர்க்கு குத்துவதில்லை, முனை வாயில் படும். கோட்டிய இலையை நானே அவள் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கிறேன். பாதி கஞ்சி சட்டையில்தான் போகிறது, மிச்சம் விருப்பத்தோடு வயிற்றுக்குள் போகிறது. கூடவே பப்படம், அதை நொறுக்கிக் கஞ்சியில் தூவுவது அவள் வேலை. பப்படத்தில் உப்பு கூடுதல் என்பதால் அவளுக்குப் பாதிதான்.

மிஞ்சியது வீணாவதும் இல்லை. பயறு மறுநாள் காலை புட்டுக்கு ஆகும். புட்டும் பயறும் பப்படமும் எங்கள் இரண்டு வீட்டாருக்கும் பொதுவான காலைச் சாப்பாடு. பயறை ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துக் காலையில் நன்றாகக் கொதிக்க வைக்கிறோம். பழங்கஞ்சி எனக்கும் அம்மாவுக்கும்தான். வெளியில் இருந்த சோறு என்பதால் பிள்ளைக்குக் கொடுப்பதில்லை.

மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) மீனும் ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில், 1880களில், திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு அது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி நின்றபோது எங்கள் முன்னோர்களைக் காப்பாற்றியதும் அதுதான். மசித்தால் பிள்ளை விரும்பித்தான் தின்கிறாள். நாங்கள் மாதத்தில் இரண்டு தரம்தான் செய்கிறோம் என்பதால் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். கிழங்கில் புரதம் மிகவும் குறைவு, அதனால் மீனோ முட்டையோ பிள்ளை தின்றால்தான் அது முழுச் சாப்பாடு. வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மட்டை அரிசி கிடைக்காதவர்கள், அல்லது அதன் வாசம் பிடிக்காதவர்கள், சாதாரணப் புழுங்கல் அரிசியிலேயே தொடங்கலாம். தண்ணீரையும் விசிலையும் குறைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட பிறகு அவளுக்கு ஒரு மட்டி வாழைப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் குமரிப் பழம். கைக்குழந்தையிலிருந்து மசித்துக் கொடுத்து வருவது. அது இருந்தால் வேறு இனிப்பு எதையும் அவள் இதுவரை தேடவில்லை.