ஜிம்மா, பூங்காவா, வீட்டுப் பாயா, சேத்துப்பட்டா?

உடற்பயிற்சி என்று நாலு வருடத்தில் இந்த நான்கையும் செய்து பார்த்தாயிற்று. குரோம்பேட்டையில் வீடு, எழும்பூரில் ஆபீஸ், கணக்குப் பிரிவில் வேலை, வயது 46. ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 6.2 என்று வந்த அன்று டாக்டர் மாத்திரை எழுதவில்லை. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தின எல்லைக்கோடு என்பதால் அந்தச் சலுகை. "முதல்ல உடம்பை அசைங்க சார்" என்றார்.

எவ்வளவு அசைக்க வேண்டும்? வாரத்துக்கு 150 நிமிடமாவது வேக நடை போன்ற உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வேலை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2010-ல் சொன்னபோது ஒவ்வொரு தடவையும் குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் வரும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது மாடிப்படி ஏறும் இரண்டு நிமிடமும் வரவில் வைக்கலாம். சில்லறையைச் சேர்த்தே பிழைப்பு நடத்துகிற எனக்கு இது பெரிய நிம்மதி.

ஜிம்முக்குப் பணம் வேண்டும், பூங்கா இலவசம், வீட்டில் நேரம் மிச்சம். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டது வேறு ஒன்று. வேலை, குடும்பம் உள்ளவன் எந்தப் பயிற்சியையும் நடுவில் விடத்தான் போகிறான். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு, வைரஸ் காய்ச்சல், மச்சினன் கல்யாணம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. அப்படி விட்ட பிறகு திரும்பி வருவதற்கு எது எவ்வளவு விலை கேட்கிறது? தேர்வு செய்ய எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

ஜிம் கேட்கும் விலைதான் அதிகம். ஜனவரியில் ஒரு வருடச் சந்தா கட்டிச் சேர்ந்தேன். மார்ச்சில் நின்றது. ஏப்ரல் நடுவில் போனால், "என்ன சார், ஆளையே காணோம்" என்று பயிற்சியாளர் அன்பாகத்தான் கேட்டார். எனக்குத்தான் கூசியது. அந்தக் கூச்சத்தில், விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன் என்று பழைய எடையையே தோளில் ஏற்றிப் பஸ்கி எடுத்தேன். மறுநாளும் அதற்கு மறுநாளும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில்தான் இறங்க முடிந்தது. கட்டிய பணம் இழுத்துக்கொண்டு வரும் என்பார்கள். என்னை இழுக்கவில்லை. ஆனால் தசைக்கு ஜிம் மாதிரி வராது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதுகு வளைந்தால் பக்கத்தில் நின்று திருத்த ஓர் ஆள் இருக்கிறாரே.

காலையில் பூங்கா நடை நன்றாகத்தான் இருந்தது. துணைக்கு ஆள், அரசியல் பேச்சு, கடைசியில் ஒரு அருகம்புல் சாறு. ஐப்பசி மழை வந்தது, நடைபாதை சேறானது, பத்து நாள் விட்டுப்போனது. மழை நின்ற பிறகும் போக முடியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுவது முந்தின இரவு பத்து மணிக்கே தீர்மானமாகிவிடுகிறது. மகள் ட்யூஷன் முடிந்து வர ஒன்பதரை, சாப்பிட்டுப் பாத்திரம் ஒழிய பத்தரை. திரும்பி வர வேண்டுமானால் என் காலையோடு வீட்டில் எல்லோருடைய இரவையும் மாற்ற வேண்டும். ரிட்டயர் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுப் பயிற்சியில் திரும்பி வருவது சுலபம். பாயை விரித்தால் போதும். சிக்கல் என்னவென்றால், நின்றுபோனதே தெரியாது. பீரோவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த யோகா பாயைச் சித்திரையில் மொட்டை மாடியில் கண்டேன். மேலே பழைய வேட்டி, அதன் மேல் ஜவ்வரிசி வடாம். "நீங்க அதைத் தொட்டே ரெண்டு மாசம் ஆச்சுங்க" என்றாள் மனைவி. பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்புறம் வந்ததுதான் சேத்துப்பட்டு. தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் எழும்பூருக்கு முந்தின ஸ்டேஷன். அங்கேயே இறங்கி ஆபீஸ் வரை நடப்பது, அவ்வளவுதான் ஏற்பாடு. சீசன் டிக்கெட் என்பதால் நடுவில் இறங்கினாலும் கூடுதல் காசு இல்லை. என் நடைக்கு இருபத்தைந்து நிமிடம். ரயிலில் வந்திருந்தால் ஆகும் நேரத்தைக் கழித்தால் கூடுதலாகச் செலவாவது இருபது நிமிடத்துக்குள். வாரத்துக்கு ஐந்து நாள் போனால் 125 நிமிடம். மாலையில் எழும்பூரில் ஏறாமல் சேத்துப்பட்டுக்கே திரும்பி நடந்தால், இரண்டு நாளிலேயே மீதி 25 நிமிடம் தாராளமாக நிரம்பிவிடும்.

இங்கே விட்டுப்போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தேன். எட்டாம் நாள் எப்படியும் ஆபீஸ் போக வேண்டும், அதே ரயிலில்தான் போக வேண்டும். அலாரம் மாற்ற வேண்டாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், உடை தேட வேண்டாம். நுங்கம்பாக்கம் தாண்டியதும் பையை முன்னால் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்வதா வேண்டாமா என்பது மட்டுமே கேள்வி. கூட்டத்தில் அப்போதே நகராவிட்டால் அப்புறம் இறங்க முடியாது. ரயில் நிற்பது அரை நிமிடம். பிளாட்பாரத்தில் கால் வைத்துவிட்டால் நடந்துதான் ஆக வேண்டும். மார்ச் மாதத்தில்கூட இது முழுசாக அறுந்துபோகவில்லை. ஒரு வாரம் இரண்டு நாள், ஒரு வாரம் நாலு நாள் என்று ஓடியது.

குறைகள் உண்டு. நடைபாதையில் பைக், டிரான்ஸ்பார்மர், டீக்கடை பெஞ்சு. பாதி தூரம் சாலை ஓரமாகவே போக வேண்டியிருக்கிறது. மே மாதம் காலை எட்டரை வெயிலில் சட்டை நனைந்துவிடும். பையில் ஒரு மாற்றுச் சட்டை, துண்டு. ஆபீஸ் ஷூ மேசை டிராயரில், காலில் கேன்வாஸ். எனக்கு ஒரு நிமிட வேலை. புடவையில் வரும் சக ஊழியர் ஒருவர், "உங்களுக்கென்ன சார், எனக்கு மாத்திக்க இடம் எங்க?" என்றார். நியாயம்தான்.

தசைக்கு இந்த நடை போதாது. ஞாயிறும் புதனும் வீட்டில் தண்டால், தோப்புக்கரணம் என்று வைத்திருக்கிறேன். ஞாயிறு நடக்கிறது, புதன் பாதித் தடவை தவறுகிறது. சர்க்கரை ஆறு மாதத்தில் 5.9-க்கு வந்தது. ராத்திரிச் சோற்றையும் பாதியாக்கியிருந்ததால் முழுப் பெருமையையும் சேத்துப்பட்டுக்குக் கொடுக்க மாட்டேன். சைக்கிளைப் பற்றிக் கேட்காதீர்கள், ஜி.எஸ்.டி. சாலையில் அதை ஓட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

பைக்கில் ஆபீஸ் வருகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. எங்கள் பிரிவில் ஒருவர் நாலு தெரு தள்ளி நண்பர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வருகிறார். மூன்று வாரமாகத்தான். அவர் ஒரு தடவை விட்டுவிட்டுத் திரும்பட்டும், அப்புறம் கேட்டுச் சொல்கிறேன்.